ஸ்விஃப்டை 25 மில்லிமீட்டர் இறக்கியது: எது கம்பெனி பார்ட், எது வெளிப் பார்ட்

வண்டி 2013 ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல். முன்பக்க ஸ்ட்ரட் இரண்டிலும், அதாவது ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூணில், எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி பிசுக்காக அப்பியிருந்தது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் ஸ்பிரிங்கிலிருந்து 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஆக, எல்லாவற்றையும் கழற்றியே ஆகவேண்டும். இந்த வேலையில் பெரிய செலவே கழற்றி மாட்டும் கூலிதான். அதனால் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றி, வண்டியின் உயரத்தைக் குறைத்துக் கொஞ்சம் இறக்கிவிடலாமே என்று மனம் போனது.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னதும் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங் தம்பி, கம்பெனிக்காரனே அடிவயித்துக்கும் தரைக்கும் நடுவுல 170 எம்எம்தான் குடுத்திருக்கான். அதையும் கொறச்சுப்போட்டு நம்மூரு ரோட்டுல என்னத்த ஓட்டுவீங்?" என்றார். நியாயமான கேள்வி. கோவையிலிருந்து மாதம் ஒருமுறையாவது ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுகிற ஆள் நான். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுவது பிடிக்கவில்லை, அதுதான் காரணம். பார்க்க நன்றாக இருக்கும் என்ற ஆசை இல்லவே இல்லை என்று சொன்னால் பொய்.

ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு சின்ன வேலை செய்தேன். செலவு ஒரு ரூபாய்கூட இருக்காது. ஷாக்கின் மேல் இருக்கும் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு, உள்ளே போய் வரும் அந்தப் பளபளப்பான ராடில் வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை இறுக்கமாக மாட்டினேன். வண்டி குழியில் இறங்கி ஸ்ட்ரட் அமுங்கும்போது ஷாக்கின் உடல் அந்த டையை மேலே தள்ளிவிடும். திரும்ப இறங்கும்போது டை அங்கேயே நின்றுவிடும். வழக்கமாகப் போகும் ரோடுகளில் ஓட்டிவிட்டு வந்து அளந்தால், ஸ்ட்ரட் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். டைக்கும், ஸ்ட்ரட் முழுக்க அமுங்கி மோதாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். எண்ணெய் கசிந்த ஷாக்கில் அளந்தால் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். இந்த வேலைக்கு அது பரவாயில்லை.

என் வண்டியில் சும்மா நிற்கும்போது பம்ப் ஸ்டாப் வரைக்கும் 52 மில்லிமீட்டர் இருந்தது. அதில் 38-ஐ அன்றாட ஓட்டமே எடுத்துக்கொண்டது. மிச்சம் 14. இந்த 14-ஐப் பார்த்த பிறகு "40 எம்எம் இறக்கு, செமயா இருக்கும்" என்று சொல்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. 40 இறக்கினால் மிச்சம் 12 மில்லிமீட்டர்தான், அதாவது வண்டி எந்நேரமும் பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஸ்பிரிங் அமுங்கும்போது விழுங்கும் ஆற்றல், அமுங்கிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 52 மில்லிமீட்டரில் விழுங்கிய அதே குழியை, 25 இறக்கினால் மிஞ்சும் 27 மில்லிமீட்டரில் விழுங்கவேண்டும் என்றால் ஸ்பிரிங் மூன்றரை மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கவேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு யாரும் ஆபீசுக்குப் போகமுடியாது. அதனால் இறக்கிய வண்டியில் பம்ப் ஸ்டாப் என்பது ஆபத்துக்கு உதவும் ரப்பர் மட்டும் இல்லை, அதுவே இரண்டாவது ஸ்பிரிங். அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் வண்டி எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. என்னுடையதைத் தொட்டதும் பாதி தூளாகிக் கையில் வந்தது.

அடுத்து வேகத்தடை. சாலைக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸின் ஐஆர்சி 99 விதி சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல வளைந்த முதுகு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான கணக்கு அது. ஸ்விஃப்டின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், 2,430 மில்லிமீட்டர். வண்டி நடுவாக நிற்கும்போது முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுமே அந்தத் தடையின் மேல்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் நடுமுதுகு சக்கரங்களைவிட 43 மில்லிமீட்டர்தான் எழும்பி நிற்கிறது. 170-இல் 25 குறைத்தாலும் கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர் கையிருப்பு. விதிப்படி போட்ட வேகத்தடையில் 25 இறக்கிய ஸ்விஃப்டின் அடிவயிறு தட்டாது.

பிரச்சினை நம் தெருக்களில்தான். வீட்டுக்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லோடு ஜல்லியைக் கொட்டிப் போட்டது, அரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம். சக்கரங்கள் இரண்டு பக்கமும் தரையில், நடுவில் முழு 150 மில்லிமீட்டரும் அடிவயிற்றுக்கு நேராக. கம்பெனி உயரத்திலேயே 20 மில்லிமீட்டர்தான் இடைவெளி, பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் அதுவும் இல்லை. 25 இறக்கிய பிறகு அதைக் குறுக்காகச் சாய்த்துத்தான் ஏறவேண்டும், இல்லையென்றால் வேறு தெரு. என் வீட்டுப் பாதையில் அப்படி ஒன்று இருக்கிறது. வேறு தெரு இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பணம் கட்டினேன்.

ஸ்பிரிங் தேடும்போது கேட்ட பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: ஐபாக், எச் அண்ட் ஆர், கோப்ரா. யாருடையதாக இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கவேண்டாம். பெட்டியில் '30 மி.மீ.' என்று போட்டிருந்தால், எந்த வண்டியிலிருந்து 30? ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்கும் ஸ்விஃப்டைவிட நம் ஊர் ஸ்விஃப்ட் உயரமாகத்தான் நிற்கிறது. நம் சாலைக்கென்றே உயர்த்தி விடுகிறார்கள். அந்த ஊர் வண்டிக்கு 30 இறக்கும் ஸ்பிரிங் நம் வண்டியில் அதைவிட அதிகமாக இறக்கிவிடும். அதனால் கடைக்காரரிடம் "எவ்வளவு இறங்கும்?" என்று கேட்பதைவிட, "மாட்டின பிறகு சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் எத்தனை வரும்?" என்று கேட்பது நல்லது. பதில் தெரியாதவர் அந்த ஸ்பிரிங்கை நம் ஊர் வண்டியில் மாட்டிப் பார்த்ததில்லை.

இன்னொன்று, டீசல் ஸ்விஃப்டுக்கும் பெட்ரோல் ஸ்விஃப்டுக்கும் முன் ஸ்பிரிங் வேறு. டீசல் எஞ்சின் கனம். டீசல் ஸ்பிரிங்கைப் பெட்ரோலில் போட்டால் இறங்கவேண்டிய அளவு இறங்காமல் மூக்கைத் தூக்கி நிற்கும். மாற்றிப் போட்டால் மூக்கு தரையில். நல்ல கம்பெனிகள் பெட்டியிலேயே முன் அச்சுக்கு இத்தனை கிலோ வரை என்று எழுதியிருப்பார்கள்.

நான் எடுத்தது முன்பக்கம் 25, பின்பக்கம் 20 இறக்கும் செட். கைக்கு வந்ததும் வெர்னியரை எடுத்து அளந்து பார்த்தேன். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 11 மில்லிமீட்டர் கம்பி 11.5 ஆனாலே மற்றதெல்லாம் அப்படியே இருக்க 20 சதவீதம் விறைப்பு ஏறிவிடும். பெயின்ட் கனத்தைக் கழித்துக்கொண்டு அளக்கவேண்டும், இல்லையென்றால் இந்த நான்காம் அடுக்கு நம்மை நன்றாக ஏமாற்றும். என் கணக்குப்படி புது ஸ்பிரிங் பழையதைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் விறைப்பு. அது அவசியமும்கூட. ஸ்விஃப்டில் இருப்பதுபோல மெக்ஃபர்சன் வகை ஸ்ட்ரட் உள்ள வண்டியை இறக்கும்போது, சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் கோணம் மாறி, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாய வைக்கும் விசையின் பிடி நீளுகிறது. அதனால் விறைப்பு ஏற்றாமல் வெறுமனே இறக்கினால், பார்வைக்குத் தாழ்ந்த வண்டி வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எதுக்கு இவ்வளவு செலவு, ஒரு சுத்து அறுத்து விட்டாப் போச்சு" என்று சொல்லாத ஆளே இல்லை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும், அதுவரை சரிதான். ஆனால் சீட்டில் உட்காருவதற்கென்று வளைத்த முனை போய்விடுகிறது. அதைவிடப் பெரிய சங்கதி, நீளம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது சீட்டில் தளர்ந்துவிடும். ஒரு குழியில் சக்கரம் தொங்கி ஸ்பிரிங் நகர்ந்து, திரும்ப அமுங்கும்போது சீட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டி உட்கார வைப்பது இன்னும் மோசம், அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடுகிறது. சென்னையில் பழைய பார்ட் விற்கும் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய ஸ்பிரிங் வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. கதவு, கண்ணாடி, பம்பர் வாங்கலாம். ஸ்பிரிங் எத்தனை லட்சம் முறை அமுங்கியது என்பது பார்த்தால் தெரியாது.

இப்போது கம்பெனி பார்ட்டா, வெளிப் பார்ட்டா என்ற கேள்வி. எனக்கு இதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. இரும்பை வெளியில் வாங்கலாம், ரப்பரைக் கம்பெனியில்தான் வாங்கவேண்டும். ஸ்ட்ரட் மவுன்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், உறை, ஸ்பிரிங்கின் மேலும் கீழும் வரும் ரப்பர் சீட், லோயர் ஆர்மின் மூட்டில் வரும் ரப்பர் புஷ் எல்லாமே மாருதி ஜெனுயின். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ரப்பரின் கடினம் மாறினால் சின்னக் கல் ஏறினாலும் சத்தம் கேபினுக்குள் வரும், இல்லையென்றால் சீக்கிரமே பிளந்து 'டக் டக்'. சேமித்த பணம் இன்னொரு தடவை கழற்றும் கூலிக்கே போய்விடும். ரப்பருக்குப் பதில் இன்னும் விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்னார்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்குச் சரி, செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேயில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவராக இருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

ஷாக்தான் உண்மையான குழப்பம். பில்ஸ்டீனில் பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு மாற்று, பி6 கம்பெனி உயரத்துக்கான விறைப்பான ஷாக், பி8 இறக்கிய வண்டிக்கென்று உடலைக் குட்டையாகச் செய்தது. முறைப்படி பார்த்தால் இறக்கும் ஸ்பிரிங்குக்குத் துணை பி8 மாதிரி ஒன்றுதான். சாதாரண ஷாக்கை இறக்கிய வண்டியில் போட்டால் பிஸ்டன் எந்நேரமும் அடிப்பக்கமாகவே வேலை செய்யும். விறைப்பான ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் வேகத்தைப் பிடிக்க ரீபவுண்ட் தணிப்பும் போதாமல் போகும். ஆனால் விலை கம்பெனி ஷாக்கைப்போலப் பல மடங்கு. 25 மில்லிமீட்டர், கால் பங்கு விறைப்பு என்ற அளவுக்குள் நிற்பதால் நாலு பக்கமும் புதுக் கம்பெனி ஷாக்கே போட்டேன். 35, 40 என்று போவதாக இருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டேன். வண்டி உயரத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் ஸ்ட்ரட்டான காயிலோவர் பக்கம் நான் போகவே இல்லை. உயரத்தைத் திருகி மாற்றும் மரையில் நம் மழையும் சேறும் ஏறினால் ஒரு வருடத்தில் அது திருகவே வராது. பிறகு அதுவும் சாதாரண ஸ்ட்ரட்தான், விலைதான் சாதாரணம் இல்லை.

வேலையைப் பின்பக்கத்தில் ஆரம்பித்தோம். ஸ்விஃப்டில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்கு இரும்பான டார்ஷன் பீம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி, சுலபம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பீம் முறுக்கிக்கொண்டு அடம்பிடிக்கும். பீம் இறங்கும்போது பிரேக் ஹோசையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவை இழுபடும் முன் நிறுத்தவேண்டும்.

முன்பக்கம் அப்படி இல்லை. கழற்றும் முன் ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறினேன். அந்த இரண்டு போல்ட் துளைகளில் இருக்கும் கொஞ்சம் ஆட்டமே கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ (மைனஸ்) வெளியேயோ சாயும் கோணத்தை, மாற்றிவிடும். பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், லிங்க் ராடு கழற்றியதும் நக்கிளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அப்படியே வெளிப்பக்கமாகச் சாயவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்று வந்து தனியாக ஒரு வேலை வைக்கும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர்தான் இதில் உயிரோடு விளையாடும் சாமான். கொக்கி இரண்டையும் நேரெதிரே மாட்டி, மரைக்கு எண்ணெய் விட்டு, இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று கையால்தான் திருகவேண்டும். இம்பாக்ட் கன் கூடாது. ஸ்பிரிங் மேல் சீட்டில் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் நடு நட்டைத் தொடவேண்டும். அப்போதும் அதன் நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் அண்ணன் இந்த நேரத்தில் போன் வந்தால்கூட எடுக்கமாட்டார். புது ஸ்பிரிங் குட்டை என்பதால் மாட்டும்போது கம்ப்ரசருக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை. கீழ் முனை சீட்டின் படியில் சரியாக முட்டி நிற்கவேண்டும், பேரிங் தலைகீழாகப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

பல பட்டறைகளில் விட்டுவிடும் ஒரு வேலை இதற்கு அப்புறம்தான் வருகிறது. லோயர் ஆர்ம் புஷ்ஷும் பின் பீமின் புஷ்ஷும் ரப்பரும் இரும்பும் ஒட்டியவை. அவை உருளுவதில்லை, முறுக்கிக்கொள்ளும். பழைய உயரத்தில் இறுக்கிய புஷ்ஷை அப்படியே விட்டால் வண்டி நிற்கும்போதே அது முறுக்கிக்கொண்டிருக்கும். உயரம் கொஞ்சம் கூடவே காட்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். அதனால் இந்த போல்ட்டுகளையும் பின் ஷாக்கின் கீழ் போல்ட்டையும் தளர்த்திவிட்டு, சக்கரம் தரையில் இருக்க, வண்டியை மேலிருந்து அமுக்கி ஆட்டி, புது உயரத்தில் அது உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். குழி இருந்த பட்டறை என்பதால் முடிந்தது. வீட்டு வாசலில் செய்பவர்கள் நாலு சக்கரத்துக்கும் சமமாக மரக்கட்டை வைத்து ஏற்றிக்கொள்ளலாம்.

அலைன்மென்ட்டுக்கு உடனே போகவில்லை. ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் உட்காரும், பிறகு பார்த்தால் போதும். அதுவரை டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தப்பாகத்தான் இருக்கும் என்பதால் மெதுவாக, பக்கத்திலேயே ஓட்டினேன். மெஷினில் ஏற்றியபோது முன் கேம்பர் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மைனஸ். "கேம்பர் செவப்புல காட்டுதுங்க, டயரைத் தின்னுரும்" என்றார் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி. அரை டிகிரி கேம்பர் டயரைத் தின்னாது, டோ தின்னும். டோவைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவரச் சொல்லி, கேம்பர் இரண்டு பக்கமும் சமமா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். பின்பக்கம் டார்ஷன் பீம், அங்கே திருக ஒன்றும் இல்லை. ஹெட்லைட்டை மட்டும் சுவரில் அடித்துப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றவேண்டியிருந்தது.

ஓட்டம் எப்படி என்றால், வால்பாறை ஏற்றத்தில் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரிந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு அவ்வளவாகக் குத்துவதில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி யோசிக்காமல் திரும்புகிறது. இதில் ஸ்பிரிங்குக்கு எவ்வளவு, புது ஷாக்குக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லமுடியாது. பாதிக்கு மேல் புது ஷாக்கின் புண்ணியம் என்றே நினைக்கிறேன். செத்த ஷாக்கை மாற்றிவிட்டு ஸ்பிரிங் கம்பெனிக்குப் புகழ் கொடுப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான். நகரத்துக்குள் சின்னச் சின்ன ஒட்டுகள் முன்னைவிடக் கூர்மையாகத் தெரிகின்றன. ஆள் இல்லாமல் தனியாக ஓட்டும்போது பின்பக்கம் மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடி அடங்குகிறது. கம்பெனி ஷாக்கின் தணிப்பு அங்கே போதவில்லை என்பதுதான் அது. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வந்துவிட்டு "பழையபடியே இருந்திருக்கலாம்" என்றார்.

சட்டம் பற்றி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. உயரம் ஆர்சி புத்தகத்தில் இல்லையே என்று வாதிடுபவர்கள் உண்டு. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது அந்த வாதம் எவ்வளவு நிற்கும் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளவேண்டும். நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். பழைய ஸ்பிரிங் நாலையும் துடைத்து, எண்ணெய் தடவி, முன் இடது, முன் வலது என்று எழுதிப் பரணில் போட்டிருக்கிறேன். விற்கும்போதோ, யாராவது கேட்டாலோ திரும்ப மாட்ட வேண்டிவரும்.

அந்தப் பிளாஸ்டிக் டையைப் புது ஷாக்கிலும் மாட்டியிருந்தேன். அலைன்மென்ட் முடிந்து அன்றாட ஓட்டம் ஓடிய பிறகு பார்த்தால், டை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு அதன் நுனியைச் சில மில்லிமீட்டர் அமுக்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். புது பம்ப் ஸ்டாப்பின் நுனி மெதுவான ஃபோம் என்பதால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டியது தெரியாது. சில ஸ்பிரிங் கம்பெனிகள் பம்ப் ஸ்டாப்பை இத்தனை மில்லிமீட்டர் வெட்டச் சொல்லும். என் செட்டில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நானும் வெட்டவில்லை. அடுத்த சர்வீசில் உறையைத் தூக்கி அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதே நக்கிள் போல்ட்டும் லிங்க் ராடு நட்டும் இன்னொரு முறை டார்க் ரெஞ்சில் பார்க்கப்படும்.